குழந்தைக்கு இப்ப என்ன வயசு?

"ஹலோ... முடியலடா. ...ஐயோ, அந்த 'முடியல' இல்ல. இன்னும் முடியலங்கறேன். நடுவுல எழுந்து வந்துட்டேன். ...ஆமா, இன்டர்வியூ நடுவுலதான். ...அஞ்சு நிமிஷம் வேணும்னு கேட்டேன், போயிட்டு வாங்கன்னாங்க. ...கத்தாதடா, காது வலிக்குது."

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட புது உடை கசங்குமே என்ற நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது. மேலே கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மேலாண்மைக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர், அவள் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்க் குவளைக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தார்கள். போனின் மறுமுனையில் இருந்தவன் அவள் தம்பி. வேறு நாட்டில் வேலை. அக்காவுக்கு முன்பே இதே படிப்பைப் படித்து முடித்தவன். ஒரு மாதமாக இரவு பகல் பாராமல் அவளை இந்த நேர்காணலுக்குத் தயார் செய்தவனும் அவன்தான்.

"படிக்கட்டுல உட்காந்திருக்கேன். ...மூச்சு வாங்கல. மயக்கம் இல்ல. ...அழலடா. கண்ணத் தொட்டே பாத்துட்டேன், காஞ்சுதான் இருக்கு. ...ம். ...ம். இல்ல, நல்லாத்தான் போச்சு. அதுதான் பிரச்சினையே. ...ஆமா, ஆமா, அந்தக் கேள்வி வந்துச்சு. ரெண்டாவது கேள்வியே அதுதான்."

அந்தக் கேள்வி வரும் என்று இருவருக்கும் தெரியும். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அலுவலகம் ஒன்றில் அவள் திட்டமிடுபவளாக இருந்தாள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும், எது அடியில் போகும், எது மேலே உட்காரும் என்று வரிசை போட்டுக் கொடுக்கிற வேலை. நன்றாகச் செய்துகொண்டிருந்தவள் ஒரு நாள் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை நிலையாக ஒரு வேலையும் இல்லை. முதல் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அந்த வருஷங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை; அவர்கள் கூப்பிடவே இல்லை. இரண்டாவது கல்லூரிக்கு 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினாள். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் தம்பி களத்தில் இறங்கினான். வேலையில் இடைவெளி விழுவது குற்றமில்லை, அதை மூடி மறைத்தால்தான் பார்க்கிறவன் ஜெயிலா, குடியா, திருட்டா என்று தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வான் என்பது அவன் கட்சி. அவனே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நீ சொல்லிக் கொடுத்ததத்தான்டா சொன்னேன். ஒரு எழுத்து மாறல. குழந்தை பொறந்தது, கூடவே இருக்க வேண்டியிருந்தது, அதனால வேலைய விட்டேன், இப்ப முழு நேரமாத் திரும்ப வரத் தயார். நேராப் பாத்து, சிரிச்ச முகமா. ...ம். அந்தம்மா தலையாட்டினாங்க. பேராசிரியைடா, நரைச்ச தல, கறாரான ஆளு. அவங்க அதோட விட்டிருப்பாங்க. கூட ஒருத்தர் இருக்காரு, கண்ணாடி போட்டுக்கிட்டுச் சின்னப் பையன் மாதிரி. இங்க படிச்சிட்டு இப்ப ஏதோ பேங்க்ல பெரிய வேலையாம். அவர்தான் கேட்டார். ரொம்பப் பிரியமாத்தான் கேட்டார். குழந்தைக்கு இப்ப என்ன வயசுன்னு."

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"டேய்... இருக்கியா? ...லைன் போயிடுச்சோன்னு பாத்தேன். ...மூணுன்னுட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இடுப்பு உயரம் வரை பச்சை, அதற்கு மேல் வெள்ளை. இரண்டும் சேரும் இடத்தில் அடித்தவனின் கை கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"யோசிக்கவே இல்லடா. வாய் சொல்லிடுச்சு. ...கணக்கு சரிதானே? இருந்திருந்தா மூணுதானே?"

குழந்தை நாளுக்கு வெகு முன்னதாகப் பிறந்தது. பெண். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த அதன் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் அவள் வேலையை விட்டாள். நான்கு மாதம். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, ஒரு விரலை நீட்டினால் குழந்தை பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன பை மட்டும் வீட்டுக்கு வந்தது.

பழைய மேலாளர் இரக்கப்பட்டு மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே கனமான பெட்டிகளை மேலேயும் லேசானதை அடியிலுமாக வரிசை போட்டு வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர் கவனித்துச் சொன்னதால் விபரீதம் ஏதும் நடக்கவில்லை. அவள் தன் குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் செய்தது ஒன்றே ஒன்று. அழுக்குத் தரைவிரிப்புகளை யாரோ எங்கோ கழுவுகிற வீடியோக்களைப் பார்த்தாள். முதலில் சேறாக ஓடும். பிறகு சாம்பல் நிறத் தண்ணீர். கடைசியில் அடியிலிருந்து ஒரு சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். ஒன்று முடிந்தால் இன்னொன்று. தம்பி சொல்லிக் கொடுத்த பதிலில் அதற்கு இடமில்லை.

"அதோட நிறுத்தியிருக்கணும்தான். நிறுத்தல. ...இல்ல, நீ முழுசாக் கேளு. அவருக்கும் மூணு வயசுல பொண்ணு இருக்காம். சரியான வாலாம். உடனே நான் சொல்றேன், எங்க வீட்டு வாலு கடிக்கும்னு. ...ஆமாடா. கடிக்கும்னு. பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரக் கடிச்சு வெச்சிருக்கா, டீச்சர் கூப்பிட்டு என்னக் கண்டிக்கறாங்க, எனக்குச் சிரிப்ப அடக்க முடியலன்னு. ...தெரியல. எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அவங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க."

"...ம். ...ம். இன்னும் இருக்கு. செருப்ப எப்பவும் கால் மாத்தித்தான் போட்டுப்பா, சரி பண்ணிவிட்டா உருண்டு அழுவா. குளிக்கறதுன்னா உயிரு, தல துவட்டறதுன்னா ஊரக் கூட்டுவா. அப்பா தாடியப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கமே வரும். நான் படிக்கப் போனா எங்கம்மா பாத்துப்பாங்க, ஆனா பாட்டி பேச்சுக்கெல்லாம் அவ மசியமாட்டா, மாமா வீடியோல வந்து முகத்தக் காட்டினாத்தான் வாயத் திறப்பான்னு. ...மாமான்னா நீதான்டா. வேற எந்த மாமா."

"...டேய். ...என்னடா நீ. ...சரி, சரி. போய் மூக்கச் சிந்திட்டு வா. நான் இருக்கேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தாள். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல அவன் அழுகிற சத்தம் கேட்டது. அது தன் வீட்டுத் தண்ணீர்தான் என்று தெரிந்தும், எழுந்து போய் மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு மாதமும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகளை அவன் போட்டோவில் பார்த்ததோடு சரி.

மேல்படியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்த துப்புரவுப் பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க? ...ஓ, தள்ளிக்கறேன். ...இல்லங்க, ஒண்ணும் இல்ல. தம்பிகூடப் பேசிட்டிருக்கேன். ...ஆமாங்க, வழுக்கும். பாத்து எழுந்துக்கறேன்."

காலைத் தூக்கி ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஈரத் துடைப்பம் அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று.

"வந்துட்டியா? ...நான் ஏன் அழலன்னு மட்டும் கேக்காத. எனக்குத் தெரியாது. மரத்துப்போன கால் மாதிரி இருக்கு, கிள்ளினா கிள்ளறது தெரியுது, வலிக்கல. ...ஆனா உள்ள உட்காந்து பேசறப்ப அப்படி இல்லடா. சந்தோஷமா இருந்துச்சு. ...சத்தியமா. எல்லா அம்மாக்களும் பண்ணுவாங்களே, புலம்பற மாதிரியே பெரும அடிச்சுக்கறது. 'ஐயோ, எங்க வீட்டுது ஒரு நிமிஷம் உட்கார விடாது'ன்னு. அத நானும் பண்ணிப் பாத்துட்டேன். நல்லா இருந்துச்சு."

"...அப்புறம் என்ன. அந்தம்மா கேட்டாங்க. பேரு என்னன்னு."

"...ம். அங்கதான் நின்னுபோச்சு."

குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் அவளுடைய பெயர்தான் இருந்தது, பக்கத்தில் 'பெண் குழந்தை' என்று. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், நம் வீட்டு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து வைக்கலாம் என்று அவள்தான் எல்லோரையும் அடக்கினாள். இன்றுவரை வீட்டில் அது 'பாப்பா'தான். அந்தச் சொல்லையும் யாரும் எடுப்பதில்லை.

"ஏதோ ஒண்ணச் சொல்லியிருக்கலாம்னு நீ ஈஸியாச் சொல்ற. வாயில வரலடா. கடிக்கற பல்லு வந்துச்சு, செருப்பு வந்துச்சு, பேரு வரல. தண்ணி குடிச்சேன். மறுபடி குடிச்சேன். அவங்க ரெண்டு பேரும் சிரிச்ச முகமாவே பாத்துட்டிருக்காங்க. எந்த அம்மாவுக்குடா பெத்த பொண்ணு பேரு மறக்கும்? எழுந்துட்டேன்."

"...அது சரி. ...ஆமா, ஆமா. எனக்கும் தெரியுது. இவ்வளவு தூரம் எந்தக் காலேஜ்லயும் வந்ததில்ல. ...உள்ள போய் ஒரு பேரச் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடணும். ம். ...சேந்தப்புறம் யாரு வீட்டுக்கு வந்து பாக்கப் போறா. ம். ...ரெண்டு வருஷப் படிப்புடா இது! அந்தப் பையன் தன் பொண்ணு பொறந்த நாளுக்குக் கூப்பிடுவான். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்கன்னுவான். எத்தன தடவ காய்ச்சல்னு சொல்றது? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். நான் கெட்டிக்காரியும் இல்ல. ...சிரிக்காத. ...சரி, நானுந்தான் சிரிக்கறேன்."

ஜன்னல் வழியே கீழே வாகனங்கள் நிற்கும் இடம் தெரிந்தது. அவள் கணவன் காருக்கு வெளியே நின்று, முன் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தான். வந்தபோதே துடைத்த கண்ணாடிதான். மருத்துவமனை நாட்களில் சவரம் செய்ய நேரமில்லாமல் விட்ட தாடியை அவன் இன்னும் எடுக்கவில்லை.

"உங்க மாமா கீழதான் நிக்கறாரு. ...இல்ல, அவர்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்வேன்? உங்க பொண்ணு உங்க தாடியப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறான்னு ரெண்டு பேருகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்னா? மனுஷன் வண்டி ஓட்டணும்."

"...என்னது? ...திரும்பச் சொல்லு, சரியாக் கேக்கல. ...யாருகிட்ட? ...உன் ஆபீஸ்லயா?"

அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"அவ பொறந்தப்ப எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தே, அது தெரியும். ...அப்புறம்? ...அப்புறம் சொல்லவே இல்லையா நீ? ...யாருகிட்டயுமா? ...இன்னிக்கு வரைக்குமா? அடப்பாவி. ...இப்பவும் கேக்கறாங்களா? ...நீ என்ன சொல்வ. ...ம். ...ம். பல்லு முளைச்சிடுச்சுன்னா. ...பொம்மை அனுப்பினேன்னா. ...நடக்க லேட்டாச்சுன்னா? ஏன்டா? எம்பொண்ணு எதுக்குடா லேட்டா நடக்கணும்?"

குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழே துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இல்லாத பிள்ளையின் நடைக்காகத் தான் சண்டைக்கு நிற்பது அவளுக்கே விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"...குறைமாசத்துல பொறந்தா கொஞ்சம் லேட்டாகுமா. ...எதுல படிச்ச? ...அதெல்லாம் தேடித் தேடிப் படிச்சியா நீ. ...ம். ...எனக்குச் சொல்லியிருக்கலாமேடா. ...ஆமா. நானும் உங்கிட்ட எதுவும் சொல்லலதான். ...சரி விடு."

"...இரு. அவங்ககிட்ட என்ன பேருன்னு சொன்ன?"

கீழே யாரோ வாளியை நகர்த்தும் சத்தம், மேலே எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"...ம்."

"...இன்னொரு தடவ சொல்லு."

"...யாரு பேரு அது? நம்ம வீட்டுல யாருக்கும் இல்லையே. ...சும்மா தோணுச்சா. ...போட்டோவப் பாத்துட்டிருந்தப்பவா. ...ம். ...இல்ல, நல்லா இருக்கு. அவ மூஞ்சிக்கு... ஆமா. பொருந்துது."

ஓசை வராமல் உதடுகளால் மட்டும் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். வாயில் சுலபமாக உட்கார்ந்தது. கூப்பிடத் தோதான பெயர். தெருமுனையில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழும்.

"...மாட்டேன்டா. ...இல்ல, தெரியும், இப்ப பேரு கிடைச்சிடுச்சுதான். உள்ள போய்ச் சொன்னா வேல முடிஞ்சுது. அதுக்குன்னு இந்தப் பேர அங்க கொண்டுபோய் வைக்கமாட்டேன். மூணு வருஷம் கழிச்சுக் கிடைச்சிருக்கு, முதல் தடவ நான் வாய் திறந்து சொல்றது ஒரு சீட்டுக்காகச் சொல்ற பொய்யா இருக்கணுமா? ...கோவிச்சுக்காத. ...சீட்டு போனாப் போகட்டும். ...இருடா, கட் பண்ணாத. கதவு திறக்குது."

மேலே கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி பேராசிரியை நின்றிருந்தார். அவள் எழுந்தாள். போன் கையில் அப்படியே திறந்திருந்தது.

"மேடம். ...இல்லைங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வர்றேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உள்ள வெச்சுச் சொன்னா அந்த சாருக்குச் சங்கடமாயிடும், அவர் பொண்ணப் பத்தி அவ்வளவு ஆசையாப் பேசினாரு. ...குழந்தை இல்லைங்க மேடம். ...பொறந்தா. நாலு மாசம் ஆஸ்பத்திரியிலயே இருந்தா. வீட்டுக்கு வரல."

பேராசிரியை கதவை விட்டுவிட்டு இரண்டு படி இறங்கி வந்தார்.

"வேலையப் பத்தி நான் சொன்னது அத்தனையும் நெஜம். அவகூட இருக்கத்தான் வேலைய விட்டேன், அதுவும் நெஜம். கடிக்கறது, செருப்பு, அதெல்லாம் இல்ல. ...ஏன் சொன்னேன்னு தெரியல மேடம். ஏமாத்தணும்னு சொல்லல. வயசு கேட்டார், அப்படியே வந்துடுச்சு. ...மீதி நாளா? ஒண்ணும் பண்ணல. கோர்ஸ் எதுவும் படிக்கல, பாடம் எதுவும் கத்துக்கல. தரைவிரிப்புக் கழுவற வீடியோ பாத்துட்டிருந்தேன். ...ஆமாங்க, தரைவிரிப்புதான். ...நாள் பூரா."

"...அப்ப இப்ப ஏன் வந்தேன்னா... பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஒரு நாள் பஸ் பாலத்து மேல நின்னுபோச்சு. கீழ துறைமுகத்துல சரக்கு லாரிங்க ஒரே வாசல்ல அனுமார் வால் மாதிரி நிக்குது. பக்கத்து வாசல் ஈ ஓட்டுது. எவன் போட்ட திட்டம் இதுன்னு எரிச்சலா வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு எனக்கு வந்த எரிச்சல் அது. வீட்டுக்குப் போய் அந்த ரெண்டு வாசலுக்கும் நானே ஒரு வரிசை போட்டுப் பாத்தேன். யாரும் கேக்கல. ஆனா போட்டேன். அதுக்கப்புறம்தான் விண்ணப்பம் போட ஆரம்பிச்சேன். ...அவ்வளவுதான் மேடம். ...சரிங்க. ...ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

பேராசிரியை திரும்பி மேலே ஏறினார். அவள் போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள்.

"கேட்டியா? ...ஒண்ணும் சொல்லல. ...இல்லடா, தோளத் தட்டல, கட்டிப் பிடிக்கல, நல்லவேளை. அந்த ரெண்டு வாசல் விஷயத்த உள்ள வந்து போர்டுல வரைஞ்சு காட்டுங்கன்னாங்க. அந்த சார்கிட்ட அவங்களே பக்குவமாச் சொல்லிக்கறாங்களாம். ...கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்? இல்லன்னு சொல்லிடவும் சொல்லலாம். பொய் சொன்னவதானே நான். ...பயமா? தெரியலடா. கை மட்டும் லேசாச் சில்லுன்னு இருக்கு."

கீழே அவள் கணவன் செய்தித்தாளை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மாடியை அண்ணாந்து பார்த்தான். எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"...ம், அவர்கிட்டயும் சொல்வேன். இன்னிக்கே. வீட்டுக்குப் போய்ச் சேந்து, வண்டிய நிறுத்தினப்புறம். கடிச்ச கதையெல்லாம் அப்புறம். முதல்ல பேரச் சொல்றேன். நீ வெச்சேன்னு சொல்றேன். ...அழுவாருதான். அழட்டும். ...அம்மாவுக்கு நீ சொல்லு. மாமன்காரன் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

"...உன் ஆபீஸ்லயா? எதையும் மாத்தாத. எதுக்கு இப்ப போய்ச் சொல்லிக்கிட்டு? அங்க ஒரு இடத்துலயாவது அவ இருந்துட்டுப் போகட்டும். ...ம். ...சரி, கூப்பிடறாங்க, வெச்சிடறேன். ...டேய், டேய், ஒண்ணு. நாளைக்கு அவங்க கேட்டா, நல்லா நடக்கறான்னு சொல்லு. ...இல்ல, ஓடறான்னே சொல்லு. பிடிக்க முடியலன்னு சொல்லு."